பாலைவன மணலை அளவுகோலாகக் கொண்டு செயற்கைக்கோள் உணரிகளின் நீண்டகால நிலைப்பைச் சோதித்தல்: முழுமையான வழிகாட்டி

பத்தாண்டுகளாகச் சேர்ந்த செயற்கைக்கோள் படங்களில் ஒரு காட்டின் பசுமை ஆண்டுக்கு ஆண்டு சிறிது குறைந்துகொண்டே வந்தால், மங்கியது காடா அல்லது படமெடுத்த உணரியின் கண்ணாடியா என்ற கேள்விக்கு அந்தப் படங்களே பதில் சொல்லிவிடாது. இது வெறும் கற்பனைக் கேள்வி அல்ல. 1999 டிசம்பரில் ஏவப்பட்ட டெர்ரா செயற்கைக்கோளின் மோடிஸ் கருவியில் நீல நிறப் பகுதியின் உணர்திறன் மற்ற பகுதிகளைவிட வேகமாகத் தேய்ந்தது. ஐந்தாம் தொகுப்பாக வெளியிடப்பட்ட தரவில் அந்தத் தேய்மானம் முழுமையாகத் திருத்தப்படாமல் போனதால், தாவரக் குறியீடுகளில் நிலத்தில் நிகழாத ஒரு சரிவும் கலந்து தெரிந்தது. ஆறாம் தொகுப்பில் அதைச் சரிசெய்தபோது துணைக்கு வந்தவை பாலைவன மணற்பரப்புகளின் மேல் எடுத்த அளவீடுகள்.

உணரிக்குள்ளேயே சோதனைக்கென்று விளக்குகளும், சூரிய ஒளியைச் சிதறடித்துக் காட்டும் வெண்பலகையும் இருக்கும்போது மணலை எதற்குத் தேட வேண்டும் என்று கேட்கலாம். விளக்கும் முதுமை அடைகிறது, பலகையும் புற ஊதாக் கதிர் பட்டு, குறிப்பாகக் குறுகிய அலைநீளங்களில், கறுக்கிறது. 1984 மார்ச்சில் ஏவப்பட்டு 2013 வரை வேலை செய்த லேண்ட்சாட் 5 செயற்கைக்கோளின் அளவுத்திருத்தம், அதாவது உணரியின் எண்ணை உண்மையான ஒளி அளவோடு பொருத்தும் வேலை, நீண்ட காலம் உள்விளக்குகளை நம்பியே நடந்தது. விளக்குகளே மாறியிருந்ததால் 2003-இல் ஒரு முறையும், வட ஆப்பிரிக்கப் பாலைவனத் தளங்களின் சான்றைக்கொண்டு 2007-இல் மறுமுறையும் அந்தத் திருத்தம் மாற்றி எழுதப்பட்டது. அமெரிக்காவின் நோவா வரிசை வானிலைச் செயற்கைக்கோள்களின் ஏவிஎச்ஆர்ஆர் கருவியிலோ கண்ணுக்குத் தெரியும் ஒளியை அளக்கும் பட்டைகளுக்கு (பட்டை என்பது உணரி தனியாக அளக்கும் ஓர் அலைநீளப் பகுதி) உள்விளக்கே இல்லை. லிபியப் பாலைவனத்தை வைத்துத்தான் நோவா-7, 9, 11 ஆகியவற்றின் தேய்மான வீதம் கணக்கிடப்பட்டது.

இந்த வழிகாட்டி கண்ணுக்குத் தெரியும் ஒளி முதல் குற்றலை (குறுகிய அலை) அகச்சிவப்பு வரையிலான, அதாவது சூரிய ஒளியின் எதிரொளிப்பை அளக்கும் பட்டைகளுக்கானது. வெப்ப அகச்சிவப்புப் பட்டைகளுக்கு நீர்நிலைகளே பொருத்தமானவை, ஆகவே அவை இங்கே பேசப்படவில்லை. தொடங்குமுன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பாலைவனம் உணரி காட்டும் எண் சரியா தவறா என்று சொல்வதில்லை. முன்பு காட்டியதையே இப்போதும் காட்டுகிறதா என்பதை மட்டுமே சொல்லும். அதையும், மணலும் காற்றும் சூரியனும் செய்யும் மாற்றங்களை ஒவ்வொன்றாகக் கழித்த பிறகுதான் சொல்லும். ஆகவே இந்த வேலையில் பெரும்பகுதி உணரியைச் சோதிப்பதல்ல, உணரி அல்லாத எல்லாவற்றையும் கணக்கிலிருந்து வெளியேற்றுவதுதான்.

தளத்தைத் தேர்ந்தெடுத்தல்

நல்ல தளம் பிரகாசமானது, சீரானது, வறண்டது, மேகம் அரிதானது, கடலிலிருந்தும் மனிதக் குடியிருப்புகளிலிருந்தும் தொலைவில் உள்ளது. பிரகாசம் ஏன் வேண்டும் என்றால், தரை கருமையாக இருக்கும்போது உணரிக்கு வந்துசேரும் ஒளியில் பெரும்பங்கு காற்றுமண்டலத்தில் சிதறியதாகவே இருக்கும். அப்போது நாம் அளப்பது மணலை அல்ல, அன்றைய காற்றை. மீட்டியோசாட்-4 என்ற ஐரோப்பிய வானிலைச் செயற்கைக்கோளின் படங்களைக் கொண்டு வட ஆப்பிரிக்காவிலும் அரேபியாவிலும் 100 கிலோமீட்டர் சதுரமான 20 தளங்களை அடையாளம் கண்ட 1996-ஆம் ஆண்டு ஆய்வே இன்றும் இத்துறையின் அடித்தளம். அவற்றின் இடஞ்சார்ந்த சீர்மை ஏறத்தாழ 3 சதவீதத்துக்குள் இருந்தது.

புவி நோக்குச் செயற்கைக்கோள் குழு பரிந்துரைக்கும் ஆறு தளங்கள் லிபியா-1, லிபியா-4, அல்ஜீரியா-3, அல்ஜீரியா-5, மௌரித்தானியா-1, மௌரித்தானியா-2 என்பவை. முதன்முறை செய்பவர் லிபியா-4 தளத்தில் தொடங்குவது நல்லது. வடக்கு 28.55 பாகை, கிழக்கு 23.39 பாகை என்ற புள்ளியை மையமாகக் கொண்ட அந்த மணற்கடல் மிக அதிகமாக ஆராயப்பட்டது. ஆகவே உங்கள் முடிவை ஒப்பிட்டுப் பார்க்க வெளியான முடிவுகள் ஏராளம். லேண்ட்சாட் படங்களில் அது 181-ஆம் பாதை, 40-ஆம் வரிசையில் அமைகிறது. ஆயினும் ஒரு தளத்தை மட்டும் நம்ப வேண்டாம். குறைந்தது இரண்டை, முடிந்தால் மேற்கில் ஒன்றும் கிழக்கில் ஒன்றுமாக, எடுத்துக்கொள்ள வேண்டும். காரணம் கடைசியில் விளங்கும்.

மையப் புள்ளியைச் சுற்றி 20 கிலோமீட்டர் சதுரம் ஒன்றை வரையறுத்து, அதன் நான்கு முனைகளின் ஆயத்தொலைவுகளை ஒரு கோப்பில் எழுதிவைத்து, அதன் பின் ஒருபோதும் மாற்றக்கூடாது. 30 மீட்டர் பிக்சலில் அந்தச் சதுரத்துக்குள் ஏறத்தாழ 4.4 லட்சம் பிக்சல்கள் அடங்கும், ஆகவே தனிப் பிக்சலின் இரைச்சல் சராசரியில் கரைந்துபோகும். மணற்குன்றுகள் நகர்கின்றனவே என்ற கவலைக்கும் விடை அதுதான். குன்றின் முகடு சில மீட்டர் நகர்ந்தால் அந்தப் பிக்சல் மாறும். நூற்றுக்கணக்கான குன்றுகளின் வெயில் பக்கமும் நிழல் பக்கமும் ஒன்றாகச் சேர்ந்த சராசரி மாறாது.

தரவைத் திரட்டுதலும், பதிப்பைக் கவனித்தலும்

இங்கேதான் பலர் முதல் தடுமாற்றத்தைக் காண்கிறார்கள். நீங்கள் பதிவிறக்கும் தரவு உணரியின் நேரடி வாக்குமூலம் அல்ல. அதை நிர்வகிப்பவர்கள் தேய்மானத்தை ஏற்கெனவே கணித்து, அதற்கேற்பப் பெருக்குக் காரணிகளை மாற்றி, திருத்திய பின் கொடுத்த தரவு. ஆகவே உங்கள் வரைபடத்தில் சரிவு தெரிந்தால் அது உணரியின் முழுத் தேய்மானம் அல்ல, திருத்தத்துக்குத் தப்பிய மிச்சம். கருவியைச் சோதிக்கிறோமா, வெளியிடப்பட்ட தரவுத் தொகுப்பைச் சோதிக்கிறோமா என்பதை முதலிலேயே முடிவுசெய்யாமல் தொடங்கினால், கடைசியில் கிடைக்கும் எண்ணுக்குப் பெயர் வைக்க முடியாது.

இதிலிருந்து ஒரு கண்டிப்பான விதி பிறக்கிறது: வரிசை முழுவதும் ஒரே செயலாக்கப் பதிப்பில் இருக்க வேண்டும். லேண்ட்சாட்டின் முதல் தொகுப்பையும் இரண்டாம் தொகுப்பையும் ஒரே வரைபடத்தில் கலந்தால், அவற்றுக்கிடையே உள்ள அளவுத்திருத்த வேறுபாடு உணரியின் மாற்றம்போல வேடம் போடும்.

ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்களின் தரவில் இதைவிடப் பெரிய பொறி ஒன்று இருக்கிறது. 2022 ஜனவரி 25 முதல், 04.00 என்ற செயலாக்கப் பதிப்பில் வெளியான படங்களில் ஒவ்வொரு எண்ணுடனும் 1000 கூட்டப்பட்டிருக்கிறது. எண்ணை 10000-ஆல் வகுத்து எதிரொளிப்பு விகிதம் காண்பதால், அந்த 1000-ஐக் கழிக்க மறந்தால் விகிதம் 0.1 கூடிவிடும். நான் முதன்முறை இந்தக் கணக்கைப் போட்டபோது லிபியா-4 மணல் ஒரே வாரத்தில், சிவப்புப் பட்டையில் 0.45-லிருந்து 0.55-க்கும், நீலப் பட்டையில் 0.25-லிருந்து 0.35-க்கும் தாவி நின்றது. மணல் ஒரே இரவில் வெளுக்காது என்பது தெரிந்ததுதான்; ஆனால் அந்தத் தாவலின் வடிவம்தான் குற்றவாளியைக் காட்டிக்கொடுத்தது. உணர்திறன் மாறியிருந்தால் எல்லாப் பட்டைகளும் ஒரே விகிதத்தில் மாறியிருக்கலாம், அல்லது பட்டைக்குப் பட்டை வேறு அளவில் மாறியிருக்கலாம். எல்லாவற்றிலும் அச்சுக்கு அச்சாக 0.1 கூடினால் அது பெருக்கல் பிழை அல்ல, கூட்டல் பிழை. செயற்கைக்கோள் படங்களை இணையத்திலேயே கையாள உதவும் கூகுள் எர்த் எஞ்சினில் இந்தக் கூட்டலைக் கழித்து ஒருமைப்படுத்திய தொகுப்பு தனியாகவே கிடைக்கிறது. புதிதாகத் தொடங்குபவர் அதை எடுத்துக்கொண்டால் ஒரு தலைவலி மிச்சம்.

எண்ணை எதிரொளிப்பு விகிதமாக மாற்றுதல்

வளிமண்டலத்தின் உச்சியில் வந்து விழும் சூரிய ஒளியில் எத்தனை பங்கு திரும்பிச் செல்கிறது என்பதே நாம் பின்தொடரப்போகும் அளவு. உணரி பெற்ற கதிர்வீச்சைப் பை என்ற மாறிலியாலும், சூரியன்-பூமி தொலைவின் வர்க்கத்தாலும் பெருக்கி, அந்தப் பட்டைக்குரிய சூரியக் கதிர்வீச்சாலும் சூரியனின் உச்சிக் கோணத்தின் (தலைக்கு நேர்மேலிருந்து சூரியன் சாய்ந்திருக்கும் கோணம்) கொசைனாலும் வகுத்தால் அது கிடைக்கும். தொலைவு வானியல் அலகில் அமைய வேண்டும்.

லேண்ட்சாட் 8, 9 படங்களுக்கு இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. இரண்டாம் தொகுப்பின் முதல்நிலைத் தரவில், அதாவது காற்றுமண்டலத் திருத்தம் செய்யாத தரவில், எண்ணை 0.00002-ஆல் பெருக்கி 0.1 கழித்து, வந்ததைச் சூரியன் அடிவானத்திலிருந்து உயர்ந்த கோணத்தின் சைனால் வகுக்க வேண்டும். தொலைவுத் திருத்தம் அந்தக் காரணிகளிலேயே அடங்கியிருக்கிறது. சூரியக் கோணத் திருத்தம் மட்டும் அடங்கவில்லை. சென்டினல்-2 முதல்நிலைத் தரவில் இரண்டுமே அடங்கியிருக்கின்றன. இந்த வேறுபாட்டை மறந்து இரண்டு முறை திருத்துவதும், ஒரு முறைகூடத் திருத்தாமல் விடுவதும் அடிக்கடி நடக்கின்றன.

அதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. பூமி சூரியனுக்கு மிக அருகே வருவது ஜனவரித் தொடக்கத்தில், மிகத் தொலைவில் இருப்பது ஜூலைத் தொடக்கத்தில். அதனால் வந்துசேரும் ஒளி ஆண்டுக்குள் ஏறத்தாழ 7 சதவீதம் ஏறி இறங்குகிறது. உங்கள் வரைபடத்தில் ஜனவரியில் உச்சமும் ஜூலையில் பள்ளமுமாக அந்த அளவில் ஓர் அலை தெரிந்தால் தொலைவுத் திருத்தம் விடுபட்டிருக்கலாம். அதே அலை தலைகீழாகத் தெரிந்தால் இரண்டு முறை போட்டிருக்கிறீர்கள்.

சூரியக் கோணத்தில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. படத்தின் மையத்துக்குரிய கோணம் படத்தோடு வரும் விவரக் கோப்பில் (மெட்டாடேட்டா) இருக்கும். அதையே சதுரத்துக்கும் பயன்படுத்தலாமா என்று தோன்றும். லிபியா-4 தளத்தில் லேண்ட்சாட் கடக்கும் முற்பகல் நேரத்தில் சூரிய உச்சிக் கோணம் கோடையில் 20 பாகையை ஒட்டியும், குளிர்காலத்தில் 55 பாகையை ஒட்டியும் இருக்கும். 56 பாகையில் ஒரு பாகை தவறினால் எதிரொளிப்பு விகிதம் 2.6 சதவீதம் தவறும். கோடையில் அதே தவறு ஒரு சதவீதத்தைக்கூட எட்டாது. நாம் தேடும் மாற்றமோ ஆண்டுக்கு ஒரு சதவீதத்தின் சிறு பின்னம். ஆகவே பிக்சலுக்குப் பிக்சல் கோணம் தரும் துணைக்கோப்பையே பயன்படுத்த வேண்டும்.

தரைநிலை எதிரொளிப்புத் தரவை, அதாவது காற்றுமண்டலத் திருத்தம் செய்து முடித்த தரவை, இந்த வேலைக்கு எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. அதற்குள் காற்றில் மிதக்கும் துகள் அளவின் மதிப்பீடு ஒன்று ஒளிந்திருக்கிறது, பிரகாசமான மணலின் மேல் அந்த மதிப்பீடு பெரும்பாலும் திணறுகிறது. சரிசெய்ய வேண்டிய பிழையோடு இன்னொரு பிழையை ஏன் சேர்க்க வேண்டும்?

மேகமும் தூசியும்

முதல் சல்லடை படத்தோடு வரும் தரக் குறியீட்டுப் பட்டை. மேகம், மேக நிழல், மெல்லிய கீற்று மேகம் என்று குறிக்கப்பட்ட பிக்சல்கள் சதுரத்துக்குள் சிறிதளவு இருந்தாலும் அந்தப் படத்தையே ஒதுக்கிவிடலாம். பாலைவனத்தில் படங்களுக்குப் பஞ்சமில்லை, அரைகுறைப் படத்தைக் காப்பாற்ற முயல்வதில் பயனும் இல்லை. இரண்டாவது சல்லடை 1.38 மைக்ரோமீட்டரை ஒட்டிய கீற்று மேகப் பட்டை. அந்த அலைநீளத்தைக் கீழடுக்குக் காற்றிலுள்ள நீராவி விழுங்கிவிடுவதால் மணல் அதில் கறுப்பாகத் தெரியும். உயரத்தில் மிதக்கும் மேகம் மட்டுமே ஒளிரும்.

மூன்றாவது சல்லடை சதுரத்துக்குள் உள்ள பரவல். ஒவ்வொரு படத்திலும் சராசரியோடு திட்டவிலக்கத்தையும் கணக்கிட்டு, இரண்டின் விகிதத்தைத் தனியே வரைந்து பார்க்க வேண்டும். தெளிவான நாட்களில் அது தளத்துக்கே உரிய ஓர் அளவில், பருவத்தோடு சற்றே ஏறி இறங்கி நிற்கும். குளிர்காலத்தில் சூரியன் தாழ்ந்து குன்றுகளின் நிழல் நீள்வதால் சிறிது கூடும். அதை மீறி எகிறும் நாளில் ஏதோ ஒன்று மணலுக்கும் உணரிக்கும் நடுவே நின்றிருக்கிறது. அரிதாக மழையும் பெய்வதுண்டு. ஈர மணல் கருக்கும், குற்றலை அகச்சிவப்பில் நீரின் உறிஞ்சல் வலுவாக இருப்பதால் அந்தப் பட்டைகள் சட்டென்று விழுந்து, சில நாட்களில் மெல்ல எழும். மற்றவை ஓரளவு நிற்க அவை மட்டும் விழுந்தால் ஈரத்தையே முதலில் சந்தேகிக்கலாம்.

இவை எல்லாம் முடிந்தபின் விலகல் புள்ளிகளை நீக்கும் வேலை மிஞ்சும். சராசரியிலிருந்து இரண்டு திட்டவிலக்கத்துக்கு அப்பால் உள்ளவற்றை வெட்டு என்ற பழக்கம் பலரிடம் உண்டு. இங்கே அது ஆபத்தானது. உணரி உண்மையிலேயே தேய்ந்திருந்தால் வரிசையின் தொடக்கப் புள்ளிகள் சராசரிக்கு மேலும், கடைசிப் புள்ளிகள் சராசரிக்குக் கீழும் இருக்கும். அந்த வெட்டு இரு முனைகளையும் கடித்துத் தின்று, நாம் தேடும் சரிவையே தட்டையாக்கிவிடும். முதலில் போக்கையும் பருவத்தையும் பொருத்தி, அவற்றைக் கழித்த மிச்சத்தில்தான் வெட்ட வேண்டும். வெட்டும் எல்லைக்குத் திட்டவிலக்கத்தைவிட, இடைநிலையிலிருந்து விலகும் தொலைவுகளின் இடைநிலையை அடிப்படையாகக் கொள்வது பாதுகாப்பானது, ஏனென்றால் தூசிப்படலம் படிந்த ஓரிரு நாட்கள் அதை அவ்வளவாக அசைக்காது.

தூசியைப் பற்றி ஒரு பழைய எச்சரிக்கையும் இருக்கிறது. 1991 ஜூனில் பினாட்டுபோ எரிமலை வெடித்தபோது மீவளிமண்டலத்தில் (ஸ்ட்ராடோஸ்பியர்) பரவிய துகள்கள் நீண்ட காலம் அங்கேயே தங்கின. அந்தக் காலத்துத் தரவில் உணரி மாறாமலே பாலைவனத்தின் எதிரொளிப்பு மாறித் தெரிந்தது. ஒரு நாள் தூசி விலகல் புள்ளியாகத் தெரியும். இரண்டு ஆண்டு நீளும் தூசி போக்காகத் தெரியும்.

திசையின் கணக்கு

மணல் எல்லாத் திசைகளிலும் ஒரே அளவு ஒளியைத் திருப்புவதில்லை. சூரியன் எங்கே நிற்கிறது, உணரி எங்கிருந்து பார்க்கிறது என்பதைப் பொறுத்து, அதே மணல் அதே நாளில் வேறு எண் தரும். லேண்ட்சாட் ஏறத்தாழ நேர்கீழாகப் பார்ப்பதால், இரு பக்கமும் ஏழரைப் பாகைக்குள், சூரியக் கோணம்தான் முதன்மை; மோடிஸ் இரு பக்கமும் 55 பாகை வரை துழாவுவதால் பார்வைக் கோணமும் பெரிய விஷயம். மோடிஸுக்கு நான் பரிந்துரைப்பது எளிய வழி: அதைத் தாங்கிய டெர்ரா, அதன் சுற்றுப்பாதை பராமரிக்கப்பட்ட ஆண்டுகளில், 16 நாட்களுக்கு ஒரு முறை அதே தடத்துக்குத் திரும்பியது, ஆகவே அந்த ஆண்டுகளுக்கு ஒரே தடத்தின் படங்களை ஒரு தனி வரிசையாக வைத்துக்கொண்டால் பார்வைக் கோணம் தானாகவே நிலையாகிவிடும். சென்டினல்-2 படங்களிலும் ஒப்பீட்டுச் சுற்றுப்பாதை எண்ணைப் பார்த்து, வெவ்வேறு பாதைகளைத் தனித்தனியே நடத்த வேண்டும்.

சூரியக் கோணத்துக்குச் செய்ய வேண்டியது, எதிரொளிப்பு விகிதத்தை மூன்று உறுப்புகளின் கூட்டாக எழுதிப் பொருத்துவது: ஒரு மாறிலி, காலத்தோடு மாறும் ஒரு சரிவு, சூரிய உச்சிக் கோணத்தைச் சார்ந்த ஒரு வளைவு. தரவு போதுமான அளவு இருந்தால் சூரியன், உணரி இரண்டின் உச்சிக் கோணங்களையும் திசைக் கோணங்களையும் செவ்வக ஆயங்களாக மாற்றி, இருபடிச் சமன்பாடாகப் பொருத்தலாம். பின்னர் எல்லா நாட்களையும் ஒரே குறிப்புக் கோணத்துக்கு, எடுத்துக்காட்டாகச் சூரிய உச்சிக் கோணம் 35 பாகைக்கு, கொண்டுவந்து வரைய வேண்டும். நீலப் பட்டையில் இந்த வளைவு மற்றப் பட்டைகளிலிருந்து வேறுபட்டிருந்தால் பதற வேண்டாம். அங்கே காற்று மூலக்கூறுகளின் சிதறலும் சூரியக் கோணத்தோடு சேர்ந்து மாறுகிறது.

மூன்று உறுப்புகளையும் ஒரே நேரத்தில் பொருத்த வேண்டும் என்பதை வலியுறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பல செயற்கைக்கோள்கள் முதுமையில் சுற்றுப்பாதையைப் பராமரிக்கும் எரிபொருளை மிச்சம் பிடிக்கின்றன. அப்போது தளத்தைக் கடக்கும் உள்ளூர் நேரம் ஆண்டுக்கு ஆண்டு நகர்கிறது. பிற்பகலில் கடக்கும் பழைய நோவா செயற்கைக்கோள்கள் மாலையை நோக்கி நகர்ந்தன. டெர்ரா 2020-க்குப் பின் முன்னதாக வரத் தொடங்கியது. கடக்கும் நேரம் நகர்ந்தால் சூரியக் கோணமும் காலமும் கைகோத்து நடக்கும். கோணத்தை முதலில் தனியாகப் பொருத்தினால் அது உணரியின் தேய்மானத்தையும் சேர்த்து விழுங்கிவிடும். காலத்தை முதலில் பொருத்தினால் சூரியனின் குற்றம் உணரியின் தலையில் விழும். ஒன்றாகப் பொருத்தினால், இரண்டையும் பிரித்தறியத் தரவு போதவில்லை என்ற உண்மையாவது பிழை எல்லை விரிவதில் தெரியும்.

சரிவு உண்மையானதா

இனி எண்ணால் பேசலாம். லேண்ட்சாட் போன்ற ஒரு செயற்கைக்கோள் 16 நாட்களுக்கு ஒரு முறை கடந்தால் ஆண்டுக்கு 22 அல்லது 23 படங்கள். சல்லடைக்குப் பின் 15 மிஞ்சுகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாண்டில் 75 புள்ளிகள். திசைத் திருத்தத்துக்குப் பின் புள்ளிகளின் சிதறல் 1.5 சதவீதம் என்றால், சரிவின் திட்டப்பிழையைக் காண 12-ஐ 75-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்து, 1.5-ஆல் பெருக்கி, ஆண்டுகளின் எண்ணிக்கையான 5-ஆல் வகுக்க வேண்டும். ஆண்டுக்கு 0.12 சதவீதம் வரும். 95 சதவீத நம்பிக்கையோடு பேச அதை இரட்டிக்க வேண்டும்: ஆண்டுக்கு 0.24 சதவீதத்துக்குக் குறைவான எந்தச் சரிவையும் ஐந்தாண்டுத் தரவு உறுதியாகச் சொல்லாது.

உண்மை நிலை இதைவிடச் சற்று மோசமானது. இந்த வாரம் காற்று தூசியாக இருந்தால் அடுத்த படத்திலும் அப்படியே இருக்கும் வாய்ப்பு அதிகம். அடுத்தடுத்த மிச்சங்கள் ஒன்றையொன்று சார்ந்திருக்கும். அந்தத் தொடர்புக் கெழு 0.3 என்றால் பிழையை ஏறத்தாழ 1.36-ஆல் பெருக்க வேண்டும், 0.24 என்பது 0.33 ஆகிவிடும். இதே வேகத்தில் பத்தாண்டு காத்திருந்தால் 150 புள்ளிகள் சேரும், சார்புக்கு முந்தைய திட்டப்பிழை 0.04 சதவீதமாகச் சுருங்கும். புள்ளிகளின் எண்ணிக்கை இரட்டித்ததால் மட்டும் வந்த லாபம் அல்ல இது. காலத்தின் நீளம் இரட்டித்ததே பெரும்பங்கு. பொறுமைக்கு ஈடாகப் படங்களை அடுக்க முடியாது.

நேர்கோடு மட்டும் போதாது. விண்ணில் ஏறிய முதல் சில மாதங்களில் கருவியின் பாகங்களிலிருந்து ஆவிகள் வெளியேறி ஒளியியல் பரப்புகளில் படிவதால் தேய்மானம் வேகமாக இருந்து, பின்னர் நிதானிக்கும் வழக்கம் உண்டு. மிச்சத்தை வரைந்து, அதில் வளைவோ படியோ தெரிகிறதா என்று கண்ணால் பார்க்காமல் சரிவின் எண்ணை மட்டும் அறிக்கையில் எழுதுபவரை நான் நம்புவதில்லை.

இன்னொரு உணரியோடு ஒப்பிடுதல்

ஒரே தளத்தை இரண்டு உணரிகள் ஒரே நாளில் பார்த்தால், அவற்றின் விகிதத்தில் மணலின் மாற்றமும் காற்றின் மாற்றமும் பெரும்பாலும் கழிந்துவிடும். ஆனால் இரண்டு கருவிகளின் நிறப்பட்டைகள் அதே பெயரைக் கொண்டிருந்தாலும் அதே அலைநீளங்களைப் பார்ப்பதில்லை. லேண்ட்சாட் 7-இன் அண்மை அகச்சிவப்புப் பட்டை 0.77 முதல் 0.90 மைக்ரோமீட்டர் வரை அகன்றது. லேண்ட்சாட் 8-இல் அது 0.85 முதல் 0.88 வரை சுருக்கப்பட்டது. அகன்ற பட்டைக்குள் 0.82-ஐ ஒட்டிய நீராவி உறிஞ்சல் அகப்படுகிறது, குறுகியதில் அகப்படுவதில்லை. ஆகவே இரண்டும் பழுதின்றி இருந்தாலும், மணலின் மேல் நீராவி கூடிய நாளில் லேண்ட்சாட் 7 சற்றுக் குறைவாகக் காட்டும்.

இந்த வேறுபாட்டுக்கான பட்டைச் சரிக்கட்டுக் காரணியைக் கணக்கிட, தளத்தின் தொடர் நிறமாலை வேண்டும். 2000 நவம்பரில் ஏவப்பட்டு 2017 வரை இயங்கிய இஓ-1 செயற்கைக்கோளின் ஹைப்பீரியன் கருவி பாலைவனத் தளங்களின் மேல் எடுத்த நிறமாலைகளே பெரும்பாலும் இதற்குப் பயன்படுகின்றன. ஒவ்வொரு கருவியின் பட்டை உணர்திறன் வளைவாலும் அந்த நிறமாலையை எடையிட்டுச் சராசரி கண்டு, ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் காரணி கிடைக்கும். நீண்டகாலப் போக்கை மட்டும் தேடுபவருக்கு ஒரு சலுகை உண்டு: காரணி சற்றுத் தவறினாலும் கோடு மேலோ கீழோ நகருமே தவிர, அதன் சாய்வு மாறாது.

குற்றவாளியை அடையாளம் காணுதல்

சரிவு உறுதியாகத் தெரிந்தபின் உடனே உணரியைக் குற்றம் சாட்டக் கூடாது. எல்லாப் பட்டைகளின் சரிவுகளையும் அலைநீளத்துக்கு எதிரே ஒரே படத்தில் வரைந்து, இரண்டாம் தளத்தின் சரிவுகளை அதன் மேலேயே போட வேண்டும்.

இரண்டு தளங்களிலும் நீலத்தில் அதிகமாகவும், சிவப்பை நோக்கிப் போகப்போகக் குறைந்தும் சரிவு தெரிந்தால், அது கண்ணாடியிலோ சிதறல் பலகையிலோ படிந்த மாசு புற ஊதாக் கதிரில் கருத்ததற்கான கைரேகை. மோடிஸில் கண்டது இந்த வகைதான். ஒரே ஒரு பட்டை மட்டும் இரண்டு தளங்களிலும் நகர்ந்தால், வடிகட்டியிலோ அந்தப் பட்டையின் மின்னணுப் பகுதியிலோ தேட வேண்டும். குளிரூட்டப்பட்ட பட்டைகளில் மட்டும் அலை அலையாக ஏறி இறங்கினால் பனிப்படிவைச் சந்தேகிக்கலாம். லேண்ட்சாட் 5-இன் குற்றலை அகச்சிவப்புப் பட்டைகளில், குளிர்ந்த சாளரத்தில் மெல்லிய பனிப்படலம் தடித்துக்கொண்டே வந்ததால் ஒளி தன்னோடு தானே குறுக்கிட்டு, இப்படிப்பட்ட அலைவு தோன்றியது.

இரண்டு தளங்களில் ஒன்றில் மட்டும் சரிவு இருந்தால், உணரி நிரபராதி; அந்தத் தளத்தில் மணலோ காற்றோ மாறியிருக்கிறது. இரண்டாம் தளம் வேண்டும் என்று தொடக்கத்தில் சொன்னது இதற்காகத்தான். இரண்டிலும் எல்லாப் பட்டைகளும் ஒரே அளவு நகர்ந்தால், கோணக் கணக்கையும் செயலாக்கப் பதிப்பையும் மீண்டும் ஒரு முறை திறந்து பார்ப்பது நல்லது; என் அனுபவத்தில் அப்படித் தெரிந்தவற்றில் பாதிக்கு மேல் நானே செய்த பிழைகள்.

இதற்கு மேலும் ஐயம் நீங்காவிட்டால் பாலைவனத்துக்கு வெளியே சாட்சி தேட வேண்டும். நிலவின் பரப்பு காற்றும் மழையும் அறியாதது, ஆனால் எல்லாச் செயற்கைக்கோளும் அதை நோக்கித் திரும்புவதில்லை. ரேட்கால்நெட் என்ற வலையமைப்பு நெவாடாவின் ரயில்ரோடு பள்ளத்தாக்கு, பிரான்ஸின் லா குரோ, நமீபியாவின் கோபாபெப், சீனாவின் பாவோடோ போன்ற இடங்களில் தரையிலேயே கருவிகளை நிறுத்தி, 10 நானோமீட்டர் இடைவெளியில், பகலில் அரைமணிக்கு ஒரு முறை எதிரொளிப்பைக் கணித்து வெளியிடுகிறது. மணல் சொல்லாத ஒன்றை, அதாவது எண் சரியா என்பதை, இந்தத் தளங்கள் சொல்லும்.

முடிவை எழுதும்போது சரிவின் எண்ணோடு தளத்தின் பெயர், சதுரத்தின் முனைகள், தொடக்க இறுதித் தேதிகள், எஞ்சிய படங்களின் எண்ணிக்கை, செயலாக்கப் பதிப்பு, திசைத் திருத்தத்தின் வடிவம், மிச்சங்களின் தொடர்புக் கெழு ஆகியவற்றையும் தர வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் திருத்தத்துக்கு முந்தைய சராசரி, திட்டவிலக்கம், நான்கு கோணங்கள், நீக்கப்பட்டிருந்தால் எந்தச் சல்லடையில் நீக்கப்பட்டது என்ற குறிப்பு ஆகியவை கொண்ட அட்டவணையைத் தனிக் கோப்பாகச் சேமித்து வைக்க வேண்டும். தரவை வெளியிடுபவர்கள் அடுத்த தொகுப்பைக் கொண்டுவரும் நாளில், பழைய அட்டவணைக்குப் பக்கத்தில் புதியதை வைத்து, எந்தப் படத்தில் எந்தப் பட்டை எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று வரிக்கு வரி பார்ப்பதிலிருந்துதான் அடுத்த சுற்றுச் சோதனை தொடங்கும்.